தவணை போக மிஞ்சுவது லாபமா?
முதல் வாடகை வீடு: வாசகர் கேள்வி - பதில்

(வாசகர்கள் பல நாடுகளிலிருந்து எழுதுவதால் பணத்தின் பெயரை எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்திருக்கிறோம். முதல் கேள்வியில் வரும் வீட்டையே மற்ற பதில்களுக்கும் மாதிரியாகக் கொண்டிருக்கிறோம்.)

கேள்வி: வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன். விலை 10,00,000. வங்கி 7,00,000 கடன் தருகிறது. வட்டி 7%, 20 வருடம், மாதத் தவணை 5,427. வாடகை 6,500 வரும் என்கிறார்கள். தவணை போக மாதம் ஆயிரத்துக்கு மேல் கையில் நிற்கிறதே, வாங்கலாம்தானே?

பதில்: நிற்காது. மாதம் 1,073 மிஞ்சுவதற்குப் பதிலாக, ஏறக்குறைய 2,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வருடக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாதக் கணக்கில் பார்ப்பதுதான் முதல் ஏமாற்றம், ஏனென்றால் வீட்டுச் செலவுகளில் பாதி மாதாமாதம் வருவதே இல்லை.

வாடகை 12 மாதத்துக்கு 78,000. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும், அந்த இடைவெளியில்தான் வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் நடக்கும். வருடத்துக்கு ஒரு மாதத்தை இதற்காகக் கழியுங்கள். ஒரே குடும்பம் நான்கு வருடம் இருந்துவிட்டால் இது அதிகம்தான். வருடந்தோறும் ஆள் மாறினால் இதுவே போதாது. கழித்தபின் வரவு 71,500.

இனி செலவு. சொத்து வரி 6,000. காப்பீடு 2,500. குடியிருப்போர் சங்கத்துக்கு வீட்டுக்காரர் கட்டும் பராமரிப்பு 6,000. பழுதுக்காக ஒதுக்குவது 10,000. வாடகை வசூலித்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வசூலில் 8%, அதாவது 5,720. நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் இந்தக் கடைசித் தொகையைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கூலி உண்டு. நாளைக்கு வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனால் அந்தக் கூலியை வேறொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மொத்தச் செலவு 30,220.

மிஞ்சுவது 41,280. இதுதான் வீடு உண்மையில் சம்பாதிக்கும் பணம். கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த எண் மாறாது. எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

வருடத் தவணை 65,125. கழித்தால் 23,845 துண்டு விழுகிறது, மாதம் 1,987.

தவணையில் ஒரு பகுதி அசலில் கழிகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், முதல் வருடத்தில் 16,653 அசலில் கழியும். அதைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு 7,192 ஆகக் குறைகிறது. ஆனால் அந்த 16,653 சுவருக்குள் இருக்கும் பணம். குழாய்க்காரர் கேட்கும்போது அதை எடுத்துக் கொடுக்க முடியாது.

துண்டு விழுவதற்குக் காரணம் எளிது. பத்திரப் பதிவு, வழக்கறிஞர், கடன் கட்டணம் என்று விலையில் 8%, குடிவிடும் முன் சின்ன வேலைகளுக்கு 40,000. இவற்றைச் சேர்த்தால் வீட்டின் அடக்கம் 11,20,000. அதில் 41,280 என்பது 3.7%. 3.7% சம்பாதிக்கும் பொருளை 7% வட்டிக்குக் கடன் வாங்கி வாங்கினால், கடன் கூடக் கூட ஓட்டையும் பெரிதாகும்.

இதே வீடு தன் காலில் நிற்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும். வாடகை 8,856 ஆக வேண்டும். அல்லது செலவுகளும், விலையில் 70% கடன் என்பதும் இப்படியே இருக்க, விலை 6,34,000 அளவுக்கு இறங்க வேண்டும். அல்லது கடனை 4,43,000-க்குள் நிறுத்திக்கொண்டு மீதியை நீங்களே போட வேண்டும். பேரம் பேசி ஐம்பதாயிரம் குறைத்தாலும் இந்த இடைவெளி அடையாது. பிற்காலத்தில் நீங்களே குடியேறும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு. வாடகை வருமானத்துக்காக மட்டும் என்றால், இந்த வீடு வேண்டாம்.

கேள்வி: மாத வாடகை விலையில் 1% இருந்தால் வாங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறதாமே?

பதில்: அமெரிக்க முதலீட்டாளர்களிடையே புழங்கும் விதி அது. வீடு விலை குறைந்த ஊர்களில் உதவும். மேலே பார்த்த வீட்டின் வாடகை விலையில் 0.65%. நீங்கள் தேடும் பகுதியில் எந்த வீடுமே 1% தொடவில்லையென்றால் விதி உங்களுக்கு எதையும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறது, அவ்வளவே. அதன் கூடவே சொல்லப்படும் இன்னொன்று ஓரளவு பயன்படும்: கடன் தவணை இல்லாமலேயே, வாடகையில் பாதி செலவுக்கும் காலியாகக் கிடக்கும் நாட்களுக்கும் போய்விடும் என்பது. மேலே உள்ள கணக்கில் அது 47% வந்திருக்கிறது. பத்து விளம்பரங்களை ஐந்து நிமிடத்தில் சலித்துத் தள்ள இது போதும். கையெழுத்துப் போட இது போதாது.

கேள்வி: விற்பவர் ஒரு வாடகை சொல்கிறார், தரகர் ஒன்று சொல்கிறார், இணைய விளம்பரங்களில் வேறொன்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை வேறு. அதே கட்டடத்தில், அல்லது அதே தெருவில் அதே அளவுள்ள ஐந்தாறு வீடுகளின் விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறைந்துபோனவை பெரும்பாலும் வாடகைக்குப் போயிருக்கும். இன்னும் தொங்குபவை கேட்ட வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். போனவற்றில் குறைந்த எண்ணையே உங்கள் கணக்கில் போடுங்கள்.

வீட்டை விற்கும் தரகரிடம் வாடகை கேட்காதீர்கள். வாடகைக்கு விடும் வேலையை மட்டும் செய்பவரிடம், வாங்கப்போவதாகச் சொல்லாமல், 'இந்த அளவு வீட்டை இரண்டு வாரத்துக்குள் விட வேண்டும், என்ன வாடகை சொல்லலாம்?' என்று கேளுங்கள். காலக்கெடுவோடு கேட்டால்தான் உண்மையான எண் வரும்.

ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடென்றால் ஒப்பந்தத்தின் நகலோடு நிற்காமல், கடைசி 12 மாத வாடகை வங்கியில் வரவான பதிவையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 6,500 இருக்கும், கணக்கில் 5,800 வரவாகியிருக்கும். விற்பதற்காகவே உறவினரைக் கூடுதல் வாடகைக்கு ஆறு மாதம் வைத்திருப்பதும் உண்டு.

கட்டுமான நிறுவனம் 'இரண்டு வருடம் உறுதியான வாடகை' என்று சேர்த்து விற்றால், பெரும்பாலும் அந்த வாடகை நீங்கள் கொடுக்கும் விலைக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். உறுதி முடிந்த மூன்றாம் வருடத்தின் வாடகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பழுதுக்கு விலையில் 1% ஒதுக்கச் சொல்கிறார்கள். வீடு புதிது போல இருக்கிறது, அவ்வளவு தேவையா?

பதில்: 1% என்பது வேறு வழி தெரியாதபோது போடும் எண். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. விலையில் பெரும்பங்கு இடத்துக்கானது. விலை கூடிய பகுதியில் இருப்பதால் குழாய் அதிகமாக உடைவதில்லை, விலை குறைந்த பகுதியில் இருப்பதால் குறைவாக உடைவதும் இல்லை. சரியான வழி, ஒவ்வொரு பொருளையும் எழுதி, மாற்றும் செலவை அதன் ஆயுளால் வகுப்பது.

மாதிரி வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். உள் பெயின்ட் 12,000, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை: வருடம் 2,400. வாட்டர் ஹீட்டர் 6,000, பத்து வருடம்: 600. குளியலறைத் தரையைப் பெயர்த்து நீர்க்கசிவு தடுத்து மறுபடி ஓடு பதிக்க 20,000, பதினைந்து வருடம்: 1,333. சமையலறை அலமாரிகள் 25,000, பதினைந்து வருடம்: 1,667. இரண்டு ஏசி 16,000, பன்னிரண்டு வருடம்: 1,333. மின்கம்பி, சுவிட்ச் பலகைகள் 15,000, இருபத்தைந்து வருடம்: 600. பூட்டு, குழாய், சிறுசிறு ரிப்பேர் 2,000. கூட்டினால் 9,933. இந்த வீட்டுக்கு 1% ஏறக்குறையப் பொருந்திவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை.

இதில் தவறும் இடம் ஒன்று உண்டு. பத்து வருட ஹீட்டர் ஏற்கெனவே ஒன்பது வருடம் ஓடியிருந்தால், வருடம் 600 ஒதுக்குவதில் அர்த்தமில்லை. அடுத்த வருடம் முழு 6,000 வேண்டும். ஆயுள் முடியப்போகும் பொருட்களின் விலையை வாங்கும்போதே அடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஹீட்டர், ஏசி, மோட்டார் ஆகியவற்றின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைக் கைபேசியில் படமெடுங்கள். பெரும்பாலானவற்றில் தயாரித்த வருடம் இருக்கும். குளியலறையை ஒட்டிய அறையின் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அந்த ஒரு சுவர் மட்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள்.

அடுக்குமாடியில் உங்கள் கதவுக்கு வெளியே இருப்பதும் உங்கள் செலவுதான். லிஃப்ட், மொட்டைமாடி, வெளிச்சுவர், தண்ணீர்த் தொட்டி. சங்கத்தின் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளில் என்ன வேலை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 20 வீட்டுக்கு ஒரு லிஃப்ட், மாற்ற 4,00,000, சேமிப்பில் எதுவுமில்லை என்றால் உங்கள் பங்கு 20,000. அந்த வருட நிகர வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. மாதப் பராமரிப்புத் தொகை அக்கம்பக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம். சேமிப்பு இல்லாமல்தான் அது குறைவாக இருக்கும்.

கேள்வி: கடன் மாறும் வட்டியில் இருக்கிறது. வட்டி ஏறினால் என்ன ஆகும்? தவணை மாறாது என்று வங்கியில் சொன்னார்கள்.

பதில்: தவணை மாறாமல் இருக்கலாம். அப்படியானால் வருடங்கள் மாறும். 7,00,000 கடனுக்கு வட்டி 7%-லிருந்து 9% ஆனால், 20 வருடத்தில் முடிக்க வேண்டிய தவணை 5,427-லிருந்து 6,298 ஆகும், மாதம் 871 கூடுதல். தவணையை 5,427-லேயே நிறுத்தினால் முதல் மாத வட்டி மட்டும் 5,250. அசலுக்குப் போவது வெறும் 177. அந்த வேகத்தில் கடன் முடிய 458 மாதம், அதாவது 38 வருடம்.

ஆகவே இன்றைய வட்டியில் ஒரு கணக்கு, இரண்டு சதவிகிதம் கூட்டி ஒரு கணக்கு என இரண்டாகப் போடுங்கள். இரண்டாவதிலும் வீட்டுச் செலவைச் சமாளிக்க முடியுமென்றால் மேலே போகலாம். வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: வட்டி எதைப் பின்பற்றி மாறும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஏறும்போது தவணையைக் கூட்டும் உரிமை உங்களுக்கு உண்டா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா.

கேள்வி: வாடகையில் கொஞ்சம் நஷ்டம் வந்தால் என்ன? வீட்டு விலை ஏறும்போது எல்லாம் சரியாகிவிடாதா? உங்கள் பதில்களில் அதை ஏன் சேர்ப்பதில்லை?

பதில்: சேர்க்கலாம், ஆனால் தலைகீழாக. 'விலை எவ்வளவு ஏறும்' என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 'எவ்வளவு ஏறினால் நான் தப்பிப்பேன்' என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம்.

அதே வீட்டை ஐந்து வருடம் வைத்திருந்து விற்பதாகக் கொள்வோம். ஆரம்பத்தில் போட்ட கைக்காசு 4,20,000 (விலையில் 3,00,000, பதிவு வகையில் 80,000, சின்ன வேலைகளுக்கு 40,000). வாடகையும் செலவும் அப்படியே இருந்தால் ஐந்து வருடத் துண்டு 1,19,225. ஆக உங்கள் பையிலிருந்து போனது 5,39,225. கடன் பாக்கி அப்போது 6,03,800 அளவில் நிற்கும். விற்கும் செலவு 3%. போட்ட பணம் திரும்பி வரவே வீடு 11,78,000-க்கு விற்க வேண்டும், வருடம் 3.3% ஏற்றம். இது ஒரு காசு லாபமில்லாத நிலை. வங்கியில் 5% வட்டிக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை ஈடுகட்ட வேண்டுமானால் 13,11,000-க்கு விற்க வேண்டும், வருடம் 5.6%. வரி இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்த 5.6%-ஐக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் கடந்த பத்து வருடத்தில் பதிவான விற்பனை விலைகளைப் பாருங்கள். விளம்பர விலைகளை விடுங்கள். இதே கட்டடத்தில் இரண்டு முறை கைமாறிய வீடு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. எண் நியாயமாகத் தெரிந்தால் அது உங்கள் விருப்பம். அப்போது நீங்கள் செய்வது விலையேற்றத்தின் மீது பந்தயம், வாடகை வருமானம் அல்ல. மாதம் 1,987 அந்தப் பந்தயத்துக்குக் கட்டும் சந்தா. வேலை போனால் எத்தனை மாதம் அந்தச் சந்தாவைக் கட்ட முடியும் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: கடனே வாங்காமல் முழுப் பணமும் கொடுத்து வாங்கினால்?

பதில்: துண்டு விழாது, இரவில் தூக்கம் வரும். 11,20,000 போட்டு வருடம் 41,280. இதே பணம் வங்கி வைப்பில் எவ்வளவு தரும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாடகை காலப்போக்கில் ஏறலாம், வைப்புத்தொகை ஏறாது. அது வீட்டின் பக்கம். அவசரத்துக்கு வீட்டின் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. அது வைப்பின் பக்கம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கடைசிக் காசுவரை வீட்டில் போட்டுவிடுவது.

கேள்வி: அப்படியானால் வாங்கியபின் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: கடனோடு வாங்கினால், ஆறு மாதத் தவணையும் ஆறு மாதச் செலவும். மாதிரி வீட்டுக்கு 6 × (5,427 + 2,518), ஏறக்குறைய 48,000. தனிக் கணக்கில் வையுங்கள். இது அதிகம் என்று தோன்றும். வீடு காலியாவதும் பெரிய பழுது தெரியவருவதும் ஒரே நேரத்தில் வருவது தற்செயல் இல்லை. குடியிருப்பவர் சாமான்களை அகற்றிய பிறகுதான் கட்டிலுக்குப் பின்னாலிருந்த ஈரச் சுவரும், அலமாரிக்குக் கீழே உளுத்த மரமும் கண்ணில் படும். வரவு நின்ற மாதத்தில்தான் செலவு வரும்.

கேள்வி: வரிக் கணக்கில் தவணை முழுவதையும் செலவாகக் காட்டலாமா?

பதில்: அசல் செலவாகாது, அது உங்கள் கடனைக் குறைக்கிறது. வட்டியைக் கழிக்க எவ்வளவு அனுமதி, தேய்மானம் உண்டா, பழுதுக்கும் மேம்பாட்டுக்கும் எல்லை எங்கே என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் முன் கணக்காயரிடம் ஒருமுறை போய் வாருங்கள். போகும்போது மேலே சொன்ன வருடக் கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். வரிச் சலுகையைச் சேர்த்தால்தான் வீடு தாங்கும் என்ற நிலையிலிருக்கும் வீட்டை வாங்காதீர்கள், சட்டம் மாறலாம்.

கேள்வி: நான் பார்க்கும் இன்னொரு வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் 6,200 கொடுத்துக் குடியிருக்கிறது. வெளியே 6,500 கிடைக்கும். வாங்கியதும் காலி செய்யச் சொல்லிவிட்டுப் புதிதாக விடலாமா?

பதில்: முதலில், அவர்களைக் காலி செய்யச் சொல்ல உங்கள் ஊர்ச் சட்டமும் அவர்கள் ஒப்பந்தமும் எப்போது அனுமதிக்கின்றன என்று பாருங்கள். விற்பனையோடு ஒப்பந்தம் தானாக முறிந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பழைய வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கும் வாடகை முன்பணத்தை நாளைக்குத் திருப்பிக் கேட்கப்போவது உங்களிடம்தான். அதை விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். பத்திரத்துக்கு முன், குடியிருப்பவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்த மாதம்வரை கொடுத்திருக்கிறார், பாக்கி உண்டா, ஏசியும் ஹீட்டரும் யாருடையவை. விற்பவர் காட்டிய ஏசியைக் குடியிருப்பவர் கழற்றிக்கொண்டு போவது நடக்கிற கதைதான்.

கணக்கு என்று பார்த்தால், வித்தியாசம் மாதம் 300. ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே இழப்பு 6,200, அதை மீட்க 21 மாதம் ஆகும். பெயின்ட் 12,000-ஐயும் தரகையும் சேர்த்தால் ஐந்து வருடத்தைத் தாண்டிவிடும். ஒழுங்காகக் கொடுப்பவர் என்று வங்கிப் பதிவு சொன்னால் இருக்கட்டும், அடுத்த புதுப்பித்தலில் 150 கூட்டிக் கேளுங்கள். உங்கள் கணக்குத் தாளில் மட்டும் 6,200 என்றே எழுதுங்கள்.